காதை மூடிய தொப்பிகள்

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் கன்டீனுக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலையின் வரைபட அறையில் நான் மட்டும் இருந்தேன். கதவைத் தட்டிவிட்டு ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்தார். கதவை நிறைத்துக்கொண்டு வந்தார் என்பதுதான் சரி, தோள்கள் அப்படி. மேலெல்லாம் இரும்புத் தூளும் எண்ணெயும் கலந்த மணம். கையில் நான்காக மடித்த ஒரு செய்தித்தாள்.

“உம்மட்டை ஒரு பூதக்கண்ணாடி இருக்கெண்டு சொன்னாங்கள். பத்து நிமிசத்துக்குத் தருவீரோ?”

அவர் பேசியது ஆங்கிலம்தான். அவருடைய ஆங்கிலமும் ஓட்டை, என்னுடையதும் ஓட்டை. அந்த ஓட்டை ஆங்கிலத்தை இங்கே மொழிபெயர்த்துக் கெடுக்காமல் எங்கள் பக்கத்துப் பேச்சிலேயே தருகிறேன். என் நினைவில் அவர் குரல் அப்படித்தான் கேட்கிறது.

மேசை விளக்கின் கீழே செய்தித்தாளை விரித்தார். ஹங்கேரிய மொழி. நீச்சல் குளத்தின் விளிம்பில் பதினொரு ஆண்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்று இருந்தது. எல்லோர் தலையிலும் தாடைக்குக் கீழே நாடா கட்டிய துணித் தொப்பி. தொப்பியின் இரு பக்கமும் காதை மூடுகிற வட்டமான பிளாஸ்டிக் மூடி. பக்கவாட்டில் ஆளுக்கொரு எண். பதினொரு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்களாகத் தெரிந்தார்கள்.

பூதக்கண்ணாடியை ஆறாம் எண்காரன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

“இவன் என்ர தம்பி,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “எண்டுதான் நினைக்கிறன்,” என்றார்.

போன வாரம் இந்தப் பத்தியில், மெல்பேர்னில் டண்டினொங் பஸ் தரிப்பில் குளிர்கோட்டைப் பறிகொடுத்த கதையை எழுதினேன். நீர் அங்கே தொழிற்சாலையில் வேலை செய்தீரா, ஊர் சுற்றினீரா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இரண்டையும் செய்தேன். ஊர் சுற்றாமல் இருந்திருந்தால் இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திராது.

பேப்பரில் பார்

அவர் பெயர் பேலா. எங்கள் தொழிற்சாலையில் அச்சுகள் கடைகிற பிரிவில் இருந்தார். ஹங்கேரித் தெருக்களில் டாங்கிகள் வந்த வருஷம், இருபது வயதில், பட்டாளத்தை விட்டு ஓடி எல்லையைக் கடந்தவர். திரும்பிப் போனால் மறியல்தான், சிறையில் போட்டுவிடுவார்கள். தாயும் தகப்பனும் அதற்கு முன்பே கண்ணை மூடிவிட்டார்கள். விட்டுவிட்டு வந்தது ஒரே ஒரு தம்பியை. லாட்சி என்று பெயர். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. மாமி வீட்டில் வளர்ந்தான்.

லாட்சி வளர்ந்து வாட்டர் போலோ ஆடப் போனான். எங்கள் ஆட்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆழத் தண்ணீரில் பக்கத்துக்கு ஏழு பேர் இறங்கி, பந்தைக் கையால் எறிந்து கோல் போடுவார்கள். காலை நிலத்தில் ஊன்றக் கூடாது. தண்ணீருக்கு மேலே நடப்பது பாதி ஆட்டம். உதைப்பது, இழுப்பது, காற்சட்டையைப் பிடித்துத் தாழ்ப்பது என்று மீதிப் பாதி தண்ணீருக்குக் கீழே நடக்கும். ஹங்கேரிக்காரருக்கு இது சோறு மாதிரி.

அண்ணனும் தம்பியும் ஒழுங்காகக் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். ஐரோப்பியக் கிளப் கோப்பை வந்துதான் அதைக் கெடுத்தது. ஒவ்வொரு நாட்டிலும் முதலாவதாக வருகிற கிளப்புகள் மோதுகிற போட்டி அது. இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய் ஆடவேண்டும். போக பாஸ்போர்ட் வேண்டும். ஓடிப்போன அண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது. லாட்சியின் கடைசிக் கடிதத்தில், இனி எழுதமாட்டேன், என்னைப் பேப்பரில் பார் என்று இருந்ததாம்.

அன்றிலிருந்து பேலா பேப்பரில் பார்த்தார். சென்ட் கில்டாவில் ஓர் ஐரோப்பியப் பலகாரக் கடை இருந்தது. உள்ளே போனால் புகையூட்டிய இறைச்சியும் கசகசாக் கேக்கும் மணக்கும். அங்கே அந்த விளையாட்டுப் பத்திரிகை கப்பலில் இரண்டு மாதம் பழசாகி வரும். ஐரோப்பாவில் யார் கோப்பையைத் தூக்கினார்கள் என்பது அங்கே எல்லோரும் மறந்த பிறகுதான் பேலாவுக்குத் தெரியும். ஆட்ட விவரத்தில் லாட்சியின் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் ஆறு என்ற எண் இருக்கும். நாளடைவில் அந்த எண்ணே தம்பியாகிவிட்டது. திங்கட்கிழமை வந்து, “ஆறு மூண்டு கோல் போட்டிருக்கு,” என்பார். நானும், நல்லது, ஆறு சுகமாக இருக்கிறது என்பேன்.

அந்தப் பூதக்கண்ணாடி நான் வரைபடக் கோடுகளைப் பார்க்க வைத்திருந்தது என்று தொழிற்சாலையில் நினைத்தார்கள். என் மனைவி மங்களமும் பிள்ளையும் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்த காலம் அது. நான் கப்பலேறியபோது மங்களத்துக்கு வயிற்றில் ஆறு மாதம். பிள்ளை பிறந்து ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய படம் ஒன்று மேசை இழுப்பறையில் கிடந்தது. சளி பிடிக்கும் என்று காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு படம் எடுத்திருந்தார்கள். கண்ணும் மூக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற கண்ணும் மூக்கும்தான். இது என்னுடைய பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். பேலாவுக்கு இது தெரியாது.

யாருக்கும் சொந்தமில்லாத ஆள்

பேலாவும் வாட்டர் போலோ ஆடுகிறவர், என்னைத் தான் ஆடும் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு நீந்த வரும், அவ்வளவுதான். ஆனால் அங்கே எனக்கு ஓர் உத்தியோகம் காத்திருந்தது.

மெல்பேர்ன் குளங்களில் அப்போது ஹங்கேரிக்காரருக்கு ஓர் அணி, இத்தாலிக்காரருக்கு ஓர் அணி, யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்றோடொன்று பேசாத இரண்டு அணிகள். கோல் கோட்டுக்கு நேரே, குளத்து விளிம்பில், கொடியோடு ஒருவர் உட்காரவேண்டும். பந்து கோட்டைத் தாண்டினால் வெள்ளைக் கொடியையும் சிவப்புக் கொடியையும் சேர்த்து உயர்த்தவேண்டும். அந்த ஆள் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் மற்ற நாட்டுக்காரர் நம்பமாட்டார்கள். ஒருமுறை இதற்காகவே ஒரு கதிரை குளத்துக்குள் போயிருக்கிறது.

நான் வந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. யாழ்ப்பாணத்தானுக்கு ஐரோப்பாவில் ஒரு பகையும் இல்லை. வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையும் போட்டு என்னை உட்கார்த்திவிட்டார்கள். விதி ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பு: ஆடுகிறவனோடு பேசக் கூடாது. ஒழுங்குமீறல் எதையாவது கண்டால் நடுவருக்குச் சொல்லவேண்டும். மூன்று கோடைகாலம் நான் ஒரு பிழையும் விடாமல் உட்கார்ந்தேன். அந்த நாட்டில் என்னை முழுதாக நம்பிய முதல் இடம் அது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அதில் பெருமையாகத்தான் இருந்தது.

பெயரை மாற்றமாட்டேன்

எழுபதுகளின் நடுவில் ஒரு ஜனவரியில் லாட்சியின் கிளப் சிட்னிக்கு வந்தது. அவர்களுக்கு அது குளிர்காலம், நமக்கு வெயில்காலம். குடியேறியவர்களில் நல்ல ஆட்களைச் சேர்த்து ஓர் அணியாக்கி அவர்களோடு ஒரு நட்பு ஆட்டம் வைத்தார்கள். பேலாவுக்கு முப்பத்தொன்பது வயது. தம்பியைத் தடுத்து ஆடுகிற இடத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினார். கொடி பிடிக்க என்னையும் கூப்பிட்டார்கள்.

ஒரு சிக்கல். அந்த அணியோடு மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரில் அரசாங்கத்து ஆள் ஒருவர் வருவார், வெளியே யாரோடு யார் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொள்வது அவருடைய வேலை. ஓடிப்போன அண்ணனோடு லாட்சி நின்று கதைத்தான் என்று அவர் எழுதினால் பாஸ்போர்ட் போகும், கோப்பைக்கு ஆடுவதும் போகும். ஆட்டப் பட்டியலில் வேறு பெயர் கொடுக்கும்படி பேலாவிடம் எல்லோரும் சொன்னார்கள்.

“என்ர பேரிலதான் இறங்குவன்,” என்றார் பேலா. “அவன்ர முகம் எனக்குத் தெரியாது, என்ர முகம் அவனுக்குத் தெரியாது. பேரும் இல்லாட்டி நாங்கள் என்னத்தால அண்ணன் தம்பி?”

என்னோடு அறையில் இருந்த சிவத்தின் காரில் மூன்று பேரும் ஹியூம் நெடுஞ்சாலையில் சிட்னிக்குப் போனோம். வழியெல்லாம் காய்ந்த மஞ்சள் புல். ஸ்ட்ராத்ஃபீல்டில் சிவத்தின் மச்சாள் வீட்டில் தங்கினோம். அந்த அக்கா காலையில் குசினியில் நின்று இடியப்பம் பிழிந்து சொதியும் சம்பலும் வைத்தா. வெள்ளைக்காரனுக்கு உறைக்குமே என்று என்னைக் கேட்டா. ஹங்கேரியில் மிளகாய்த் தூள் போடாமல் தண்ணீர்கூடக் கொதிக்கவிடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பேலா சம்பலை மட்டும் நான்கு தரம் வாங்கினார். ஆனால் இடியப்பம் அப்படியே கிடந்தது.

ஆறாம் எண்

வெயில் சுட்டெரித்த பிற்பகல். மேலே கூரையில்லாத குளம், குளோரின் மணம், தண்ணீரில் கண் கூசும் வெளிச்சம். எதிர்ப்பக்கத்து நீண்ட மர வாங்கில் பழுப்புக் கோட்டும் தடித்த கண்ணாடியும் போட்ட ஓர் ஆள், மடியில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் அவர்தான். இரண்டு பட்டியலிலும் ஒரே குடும்பப் பெயர் இருந்ததை அவர் கண்டுவிட்டார் என்பது அவர் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. ஆறாம் எண் தொப்பியை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை.

பேலாவும் எடுக்கவில்லை. விசில் ஊதியதிலிருந்து ஆறாம் எண்ணோடு ஒட்டிக்கொண்டார். தண்ணீரில் தலைக்குத் தலை நெருங்கும்போது அவருடைய வாய் அசைவதைக் கண்டேன். சின்ன வயதில் தம்பியைக் கூப்பிட்ட செல்லப் பெயர் அது என்று பிறகு சொன்னார். ஆறாம் எண்காரன் திரும்பியும் பார்க்கவில்லை. ஒருமுறை முழங்கையால் நெஞ்சில் இடித்தான். இரண்டாம் கால்பகுதி முடிந்தபோது பேலாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. இத்தனை வருடம் பேப்பரில் தேடிய தம்பி, கைக்கெட்டிய தூரத்தில் வைத்து அவரைத் தெரியாது என்கிறான்.

மூன்றாம் கால்பகுதிக்கு முன் தண்ணீரில் இறங்க எல்லோரும் என் பக்கத்து விளிம்பில் நின்று தொப்பி கட்டினார்கள். ஹங்கேரி அணியின் மூன்றாம் எண்காரன் எனக்கு நான்கடி தூரத்தில் நின்றான். நாடாவை முடிந்தான், அதன் ஒரு நுனியைப் பல்லால் கடித்து இடப்பக்கமாக வெட்டி இழுத்தான், பிறகு அந்த ஈர நுனியைத் தாடைக்குக் கீழே நாடாவுக்குள் செருகினான்.

மூன்று கோடைகாலம் பேலா தொப்பி கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கட்டி நான் கண்டதில்லை. அப்பா கட்டுகிற கட்டு என்று பேலா சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டியலை மாற்றாமல் தொப்பியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஆட்டமும் தெரியாது, தொப்பி போட்ட தலைகளில் யார் எவர் என்றும் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். அவரை ஏமாற்றச் செய்த வேலை அது. அதில் பேலாவும் ஏமாந்துவிட்டார்.

பட்டியலுக்கு மாறான தொப்பியோடு ஒருவன் ஆடுவது ஒழுங்குமீறல். நான் நடுவருக்குச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. அது முதல் குற்றம். கொடி கீழே விழுந்ததுபோல விழுத்தி, அதை எடுக்கக் குனிந்தேன். பேலா என் காலடியில் தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆறு இல்லை,” என்றேன். “மூண்டு. உங்கட அப்பான்ர கட்டு.”

இது இரண்டாவது. இன்றுவரை நான் யாரிடமும் சொல்லாதது. அந்தச் சங்கத்தில் என்னை நம்பியவர்கள் யாராவது உயிரோடிருந்தால் மன்னித்துக்கொள்ளட்டும்.

தண்ணீருக்குக் கீழே

பேலா ஆறாம் எண்ணை விட்டுவிட்டு மூன்றாம் எண்ணிடம் போனார். அவருடைய அணித்தலைவன் கத்தினான். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசிக் கால்பகுதியில் ஆட்டம் என் கோலுக்கு முன்னால் வந்தது. விளிம்பில் இருப்பவனுக்குத் தண்ணீருக்குள் நடப்பதெல்லாம் தெரியும். மேலே இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு, மற்றவர்களைப்போலவே பந்துக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். கீழே அவர்களுடைய கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன. இழுக்கவில்லை, தாழ்க்கவில்லை, சும்மா பிடித்திருந்தன. வாங்கில் இருந்த பழுப்புக் கோட்டுக்காரர் ஆறாம் எண்ணைப் பார்த்துக் குறிப்பெழுதினார்.

பந்து லாட்சியிடம் வந்தது. பிடித்த கையை அவன் உதறினான், இடுப்புவரை எழும்பினான், பேலாவின் தலைக்கு மேலாக எறிந்தான். நான் இரண்டு கொடிகளையும் தூக்கினேன். கோலை விட்ட பேலாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு எந்த ஆட்டத்திலும் எவரிடமும் நான் கண்டதில்லை.

மூக்குக் கண்ணாடி

வாட்டர் போலோவில் ஒரு வழக்கம் உண்டு. வென்றவர்கள் தங்கள் பயிற்சியாளரை உடுப்போடு தூக்கித் தண்ணீரில் போடுவார்கள். ஹங்கேரிக்காரர் வென்றார்கள், பயிற்சியாளரைப் போட்டார்கள். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அவர்கள் வாங்குப் பக்கம் ஓடினார்கள். பழுப்புக் கோட்டு, சப்பாத்து, பட்டியல் எல்லாவற்றோடும் மொழிபெயர்ப்பாளரும் குளத்துக்குள் போனார்.

மனிதருக்கு நீந்தத் தெரிந்திருந்தது. ஆனால் கண்ணாடி கழன்று அடியில் போய்விட்டது. அது இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்பவனும் தெரியாதாம். ஆறாம் தொப்பிக்காரனும் இன்னும் மூன்று பேரும் உடனே மரியாதையாகக் குதித்துத் தேடினார்கள். ஐரோப்பாவிலேயே சிறந்த கிளப்புகளில் ஒன்றின் ஆட்கள். தெளிந்த தண்ணீரில், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பளிச்சென்று தெரிந்த கண்ணாடியை, முங்கி முங்கிப் பார்த்தும் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

லாட்சி என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றான். பேலாவும் வந்தார். இருவரும் கட்டிப்பிடிப்பார்கள், அழுவார்கள் என்று நினைத்தேன். பேலா ஒரு சொல் சொன்னார். பிறகு தம்பியின் தாடைக்குக் கீழே இருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

நனைந்த நாடா லேசில் அவிழாது. அச்சுக் கடைகிற தடித்த விரல்களுக்கு அது பிடிபடவில்லை. நகத்தால் நெம்பினார், முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். லாட்சி அசையாமல் தாடையை உயர்த்திக்கொண்டு நின்றான். அவனுடைய கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. கிடைத்த ஒரே நிமிடத்தை இந்த மனிதர் முடிச்சில் செலவழிக்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. கத்தரிக்கோலுக்கு எங்கே போவது?

முடிச்சு விட்டது. தொப்பியைக் கழற்றினார். நெற்றியோரம் தொப்பி அழுத்திய சிவந்த கோடு. இடது காதின் மேல்நுனி கொஞ்சம் உள்ளே மடிந்திருந்தது. பேலாவின் காதும் அப்படித்தான். பேலா அந்த நுனியை இரண்டு விரலால் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். அது மறுபடி மடிந்தது.

கண்ணாடி அகப்பட்டுவிட்டது என்று தண்ணீரிலிருந்து யாரோ உரக்கச் சொன்னார்கள். தேவைக்கு அதிகமாக உரக்க. லாட்சி தொப்பியை வாங்கிக்கொண்டு தன் ஆட்களுக்குள் போய் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

பூதக்கண்ணாடி தேவைப்படாத நாள்

திரும்பி வரும்போது பேலா பின்சீட்டில் சாய்ந்திருந்தார். சிவத்துக்குப் பொறுக்கவில்லை. காரை ஓட்டியபடியே என்னிடம் தமிழில் சொன்னான்:

“அண்ணை, அந்தாள் தம்பியிட்ட என்ன சொன்னது எண்டு கேளுங்கோவன். இல்லாட்டி எனக்கு நித்திரை வராது.”

கேட்டேன்.

“ஆடாம நில் எண்டு சொன்னனான்,” என்றார் பேலா. “சின்னனில காது கழுவிவிடேக்கை நெளிவான். அப்ப சொல்லுறது.”

ஏறத்தாழ இருபது வருடம் கழித்துப் பேசக் கிடைத்த ஒரு பேச்சு அது. வேறு எதுவும் அந்த நேரம் வாயில் வரவில்லை என்றார். அவருக்கு அதில் குறையும் இல்லை. கல்பர்ன் ஊரைத் தாண்டி இருட்டத் தொடங்கியபோது, தன் காதைத் தடவியபடியே தூங்கிப்போனார்.

அதன்பிறகு பழையபடி பேப்பர்தான், கப்பல்தான். மாதங்கள் ஓடின. மெல்பேர்னில் குளிர் இறங்கிய ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடித்த பிறகு, பேலா வரைபட அறைக்கு வந்தார். ஐரோப்பியக் கோப்பையில் லாட்சியின் கிளப் இத்தாலியில் ஆடிய செய்தி. மேலே அணியின் படம். நான் வழக்கம்போல இழுப்பறையைத் திறந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

“இண்டைக்கு வேண்டாம்,” என்றார்.

குளத்து விளிம்பில் அதே பதினொரு பேர். பத்துப் பேர் தொப்பியைக் காதுவரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒருவன் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி நின்றான். படம் பிடித்தவன் என்ன நினைத்தானோ தெரியாது. இடது காது துப்புரவாகத் தெரிந்தது, மேல்நுனி மடிந்திருந்தது.

பேலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேப்பரை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். அதற்குப் பின் வந்த அணிப் படங்கள் எல்லாவற்றிலும் லாட்சி அப்படித்தான் நின்றான். தலைக்கனம் பிடித்தவன், அதனால்தான் தொப்பி போடாமல் நிற்கிறான் என்று அந்தப் பத்திரிகையில் ஒருதரம் எழுதியிருந்தார்களாம். பேலா அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார்.

அந்த மதியம் பேலா வேலைக்குப் போனபிறகும், எடுத்த பூதக்கண்ணாடி என் கையிலேயே இருந்தது. இழுப்பறையில் என் பிள்ளையின் படம். கம்பளித் தொப்பி.

அன்று மங்களத்துக்கு எழுதிய ஏரோகிராம் கடிதத்தில் விசா விஷயம், குளிர், சம்பளம் எல்லாம் எழுதி முடித்து, ஓரத்தில் மிச்சமிருந்த இடத்தில் ஒரு வரி சேர்த்தேன். அடுத்த தரம் படம் எடுக்கும்போது பிள்ளையின் தொப்பியைக் கழற்றிப்போட்டு, காது தெரிய எடுத்து அனுப்பு.